இல்லை வாங்கி வந்தவருக்கு முதல் டீ

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துப் பிழைகளையும்தான். ஐந்தாம் வகுப்போடு மீன்பிடி வள்ளத்தில் ஏறிவிட்டவன் நான். அதற்குப் பிறகு இந்த விரல்கள் பிடித்ததெல்லாம் நண்டுவலைக் கயிறுதான். பேனாவைப் பிடித்தாலும் அதே அழுத்தம் வந்துவிடுகிறது, தாள் கிழிகிறது. எங்கே பெரிய றகரம், எங்கே சின்ன ரகரம், இரண்டு சுழியா மூன்று சுழியா என்று ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போகிறேன். படிக்கிறவர்கள் தாங்களே திருத்திக்கொண்டு படிக்கவும்.

நான் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு வரி. என்ன வரி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த வரியை எழுதப் போனால் அதற்கு முன்னால் ஓர் அம்மா வந்து நின்றுகொள்கிறார். அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. இங்கே குடியிருந்த காலத்திலும் அவர் அப்படித்தான், எனக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

அவர் பெயரை எழுதவில்லை. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய அறையில் சில வருடங்கள் குடியிருந்தார். அவ்வளவு காலத்திலும் ஒரு தடவைகூட நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எழுதினால் பொய் போல இருக்கும்.

அவரை முதலில் பார்த்தது ராமேஸ்வரம் பஸ்ஸில். ராமநாதபுரத்தில் வலை நூல் வாங்கிக்கொண்டு நான் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாம்பன் பாலம் தாண்டி எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வரும். ஆனால் அங்கே ஸ்டாப் கிடையாது. பஸ் விலக்கைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நிற்கும். இறங்கி, சுமையைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே வெயிலில் திரும்பி நடக்க வேண்டும். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து, அதற்கு முன்னாலிருந்தும், நான் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு முன் சீட்டில் ஒரு அம்மா, கால்மாட்டில் தகரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஏறினதும் ஜன்னலோரம் இருந்த ஆளிடம், "அய்யா, எனக்குக் காத்து வேணும், கொஞ்சம் இங்கிட்டு மாறிக்கிடுறீகளா?" என்று கேட்டு இடத்தை வாங்கியவர். விலக்கின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் அவர் கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த விலக்குல நிப்பாட்டுங்க."

"அங்கன ஸ்டாப் கெடையாதும்மா."

"தெரியும் தம்பி. அதனாலதான கேக்குறேன். ஸ்டாப் இருந்தா நான் எதுக்குக் கேக்கப் போறேன்?"

கண்டக்டர் சிரித்துவிட்டார். விசில் அடித்தார். பஸ் நின்றது.

அவர் இறங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால், யாராவது என்னைத் தடுத்துவிடுவார்களோ என்பது போல, நானும் இறங்கினேன். பஸ் போன பிறகு அவர் என்னையும் என் மூட்டையையும் பார்த்தார்.

"நீங்க இந்த ஊருதானாண்ணே?"

தலையை ஆட்டினேன்.

"இம்புட்டுச் சாமானோட நீங்க கேக்கலையா?"

மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டேன். அதற்குள், "சரி, இந்தப் பெட்டிய ஒரு கை புடிங்க" என்றார். பிடித்தேன். வெயிலில் முன்னும் பின்னுமாக இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனோம். என் மனதில் ஒரு எரிச்சல் அன்றைக்கே விழுந்துவிட்டது. அந்தப் பஸ்ஸில் அவர் வந்தது முதல் தடவை. நான் அதில் எத்தனை தடவை வந்தவன்!

அவருக்கு நயினார்கோவில் பக்கம் ஊர். நெல்லும் மிளகாயும் போடுகிற குடும்பம். கடலைத் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்வார். பெண்கள் சொந்தக் காலில் தொழில் செய்ய உதவுகிற ஏதோ ஒரு நிறுவனம் அவரை எங்கள் ஊருக்கு அனுப்பியிருந்தது. புருஷனைப் பற்றி ஒரு பெண் கேட்டபோது, "இருந்தாரு, நான் போகச் சொன்னேன், போயிட்டாரு" என்றாராம். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் அப்போது தண்ணீருக்குள் முங்கி, பாறையில் முளைத்த மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு போவார்கள், வரும்போது துணியும் கிழிந்திருக்கும், விரலும் கிழிந்திருக்கும். என் மனைவி ஆரோக்கியமும் அதில் ஒருத்தி. நிறுவனத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் எல்லோரும் கூடிவிட்டார்கள். அவர்களில் மிக்கேலம்மா நேராகவே கேட்டாள்.

"எங்களுக்கு என்னக்கா குடுப்பீக?"

"நான் ஒண்ணும் குடுக்க மாட்டேன் தாயி."

"அப்புறம் எதுக்கு வந்தீக?"

"எது எது எங்கெங்க கெடக்குண்டு எனக்குத் தெரியும். மிதவை கட்ட மூங்கில் ஒரு எடத்துல கெடக்கு. பாசி வளக்கச் சொல்லிக்குடுக்குற ஆளு மண்டபத்துல இருக்காரு. காயப்போட ஷெட்டு ஒரு ஆபீசுல கெடக்கு. எல்லாம் உங்களுக்குண்டுதான் கெடக்கு. போய்க் கேக்கணும்."

"கேட்டா இல்லைண்டு சொல்லிட்டா?"

"இல்லைண்டுதான சொல்வாக? கடிச்சா வைக்கப் போறாக?"

அவருக்கு அதுதான் குணம். கேட்பார். வேறு எதையும் நான் அவரிடம் பெரிதாகப் பார்த்ததில்லை. அழகும் இல்லை, பெரிய படிப்பும் இல்லை, குரல் கொஞ்சம் கரகரப்பு. ஆனால் கூச்சம் என்ற ஒன்றை அவரைப் பெற்றவர்கள் அவருக்குள் வைக்க மறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் நின்று, "ஆரோக்கியம், நண்டுக் கொழம்பு வாசம் சொவத்தத் தாண்டி வருது. ஒரு கரண்டி குடு" என்பார். உப்பு கேட்பார், முக்காலி கேட்பார். என்னிடம் கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்யக் கேட்பார். வாங்கிக்கொண்டதற்காகக் குழையவும் மாட்டார், கொடுக்காததற்காக முகம் சுளிக்கவும் மாட்டார்.

நான் மிகவும் பொறாமைப்பட்டது அந்தச் சுளிக்காத முகத்தின் மேல்தான். ஒருநாள் ஐஸ் கம்பெனியில் நின்றிருந்தேன். பக்கத்தில் காலியாகக் கிடந்த கொட்டகையைப் பெண்கள் கயிறு வைக்கத் தரமுடியுமா என்று அவர் வந்து கேட்டார். மேனேஜர் அன்றைக்கு யார் மேலோ கோபத்தில் இருந்தார். "போம்மா அங்கிட்டு, வந்துட்டாளுக" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். என் உடம்பெல்லாம் கூசியது.

அந்த அம்மா, "சரிங்கய்யா" என்றார். நின்ற இடத்திலேயே, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்குமா? ஐஸ் போட்டு" என்று கேட்டார்.

மேனேஜருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கொடுத்தார். நிதானமாகக் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் அந்த வழியாகவே போனார், அதே மேனேஜரிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டார். என் இளவயதில் அந்தக் கம்பெனிக் கணக்கர் ஒருவர் என்னை ஒரு வார்த்தை அதட்டினார் என்பதற்காக, அந்த ஆள் செத்த பிறகும் நான் அந்தத் தெருவில் தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் கூட்டம் நடக்கும். பாசிக்கரையில் பூவரச மரத்தடியில் உட்காருவார்கள். எங்கள் வீட்டுப் பின்வாசலிலிருந்து பார்த்தால் தெரியும், காற்று இந்தப் பக்கம் அடித்தால் பேச்சும் கேட்கும். அந்த அம்மா அங்கே ஒரு வழக்கத்தை வைத்திருந்தார். ஒவ்வொருத்தியும் அந்த வாரத்தில் யாரிடமாவது எதையாவது கேட்டிருக்க வேண்டும். யாரிடம் கேட்டாள், என்ன பதில் வந்தது என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லி முடித்ததும் டீ வரும். 'இல்லை' என்று பதில் வாங்கி வந்தவளுக்குத்தான் முதல் கிளாஸ். 'சரி' வாங்கி வந்தவர்களுக்கு அதற்குப் பிறகுதான்.

"அவளுக்குத்தான் கெடைச்சிருச்சே, டீ எதுக்கு? இவளுக்குக் குடுங்க, தொண்டை காஞ்சு வந்திருக்கா" என்பார்.

ஆரோக்கியம் முதலில் கேட்டது ரேஷன் கடைக்காரரிடம். பாசி அள்ளக் காலிச் சாக்கு கேட்டிருக்கிறாள். அவர் இல்லை என்றுவிட்டார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். திருவிழாவில் கொடி ஏறினதைப் பார்த்து வந்தவள் மாதிரி இருந்தாள்.

"குடுத்துட்டாரா?"

"இல்லைண்டுட்டாரு!"

"அதுக்கா இந்தச் சிரிப்பு?"

"அவரு இல்லைண்டாரு, நான் அப்படியே நின்னேன். ஒண்ணும் ஆகலைங்க. கால்கூட ஆடலை." அவளே ஆச்சரியப்பட்டுக்கொண்டு சொன்னாள். "முதல் டீ எனக்குத்தான்."

எங்கள் கல்யாணத்திலிருந்து நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

நான் யாரிடமும் எதையும் கேட்காதவன். ஐந்தாம் வகுப்பு முடிந்த வருடம், ஆறாவது படிக்கட்டுமா என்று அய்யாவிடம் கேட்க வேண்டும் என்று மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்தும்விட்டது, அய்யா என்னை வள்ளத்தில் ஏற்றியும்விட்டார். அய்யா இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள்: "நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா அனுப்பியிருப்பாரு. ஒனக்குப் படிப்பு ஏறலை போலண்டு அவரு நெனச்சுக்கிட்டாரு." அதைக் கேட்டுவிட்டு நான் வெளியே போய் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்படிப்பட்ட எனக்கு, என்னிடம் கேட்பதற்கென்று உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தாள். ஆரோக்கியம். காலையில் எழுந்ததும், "இன்னைக்கு என்னங்க ஆக்க?" என்பாள். "எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரட்டா?" "இந்தச் சேலை எடுக்கவா, அதை எடுக்கவா?" நான் பெரிதாகப் பதில் சொல்லமாட்டேன். ம் என்பேன். ஆனால் அந்த ம் என்னுடையது. வெளியே யாருக்கும் நான் ஒரு பொருட்டில்லை. வீட்டுக்குள் நான் கேட்கப்படுகிற ஆள்.

அதைத்தான் அந்த அம்மா எடுத்துக்கொண்டார். வேண்டுமென்று எடுக்கவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக ஆரோக்கியத்தின் கேள்விகளெல்லாம் வெளியே போயின. மூங்கில் கேட்டு ஆபீஸுக்கு, கயிறு கேட்டு இன்னோர் இடத்துக்கு. வீட்டில் அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

"நாளைக்கு மண்டபம் போறேன்."

"போறேண்டா என்ன அர்த்தம்?"

"பாசி வளக்குற பயிற்சி. முடிச்சுட்டுத்தான் வாரேன்."

"கேக்கணும்ண்டு தோணலையா?"

அவள் என்னை உண்மையாகவே புரியாமல் பார்த்தாள். "கேட்டுட்டேனே. அந்த ஆபீசர்ட்ட. சரிண்டுட்டாரு." பிறகு, "சட்டியில மீன் இருக்கு" என்றாள்.

சாயங்காலமானால் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வரும். என்ன சிரிப்பு என்று நான் கேட்கலாம். கேட்கவில்லை. அந்த அம்மாவின் நரைத்த தலையில் ஆரோக்கியம் பேன் பார்த்துக்கொண்டிருப்பதை ஒருநாள் வாசலிலிருந்து பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எரிந்தது.

மூங்கில் மிதவைகள் கடலில் இறங்கின. பூவரச மர நிழலில் உட்கார்ந்து, கயிற்றில் விதைப்பாசியைத் துண்டு துண்டாக முடிந்து, மிதவையில் கட்டி, அந்த மணலிலிருந்தே தண்ணீருக்குள் தள்ளுவார்கள். ஓரா மீன் தின்றுவிடாமல் அடியில் வலை. ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் பாசி கொத்துக் கொத்தாகத் தொங்கும். பெண்களின் விரல்களில் காயம் ஆறியது. ஆரோக்கியத்தின் விரல்கள் இப்படி நீளமானவை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இந்த வேலைக்கெல்லாம் அந்த மணல்தான் ஆதாரம். அங்கேதான் நிழல் இருக்கிறது, அங்கேதான் பாறை இல்லாமல் மிதவை இறங்கும். அதற்குத்தான் ஆபத்து வந்தது. மூன்று ஃபைபர் படகு வைத்திருந்த லாரன்ஸ், படகுகளை ஏற்றிப் பழுது பார்க்க அந்த மணல் வேண்டும் என்று ஊர்க் கமிட்டியில் சொல்லிவிட்டார். வேறு படகுக்காரர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம். அன்றைக்கு முடிவாகிவிடும். மணல் போனால் மிதவை போச்சு, பெண்கள் மறுபடி விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறைக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் தலைக்கட்டுக்கு, அதாவது வீட்டுக்கு, ஓர் ஆண் உட்காருவார். பெண்கள் வரும் வழக்கம் இல்லை. கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று காதில் வாங்கலாம், அவ்வளவுதான். எல்லா இடத்திலும் கேட்கத் தெரிந்த அந்த அம்மாவால் கேட்க முடியாத ஒரே இடம் அதுதான். வெளியூர், அதிலும் பெண்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். முக்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

"அண்ணே, நாளைக்கு நீங்கதான் கேக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானா? எனக்குப் பேச வராது."

"பேச வேணாம்ணே. பேச்சு வேற, கேக்குறது வேற. 'அந்த மணல் பொம்பளைகளுக்கு இருக்கட்டும்.' அம்புட்டுத்தான். சொல்லிட்டு ஒக்காந்துருங்க."

"மிக்கேலம்மா வீட்டுக்காரர் நல்லாப் பேசுவாரே."

"அவரு வாரம் ஒண்ணு ஊர்ல கேக்குற ஆளு. நீங்க இந்த ஊர்ல பொறந்ததுலருந்து ஒண்ணுமே கேட்டதில்லையாம், ஆரோக்கியம் சொல்லுச்சு. கேக்காததெல்லாம் அப்படியே கெடக்குல்லண்ணே? நீங்க கேட்டா மறுக்க மாட்டாக."

பாருங்கள். ஊரில் எங்கெங்கோ கிடந்ததையெல்லாம் கேட்டு எடுத்தவர், கடைசியில் எனக்குள் கிடந்ததையும் கண்டுபிடித்துவிட்டார்.

ஆரோக்கியம் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று இருந்தது. 'நீங்க கேளுங்களேன்' என்று அவள் கேட்கவேண்டும். அவள் கேட்கவில்லை. அந்த அம்மாதான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததையே சரி என்று எடுத்துக்கொண்டு அவர் எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வேப்பமரத்தடியில் கூட்டம். லாரன்ஸ் நன்றாகப் பேசினார். ஊருக்கு மீன் கொண்டுவருவது படகா பாசியா என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். தலைவர் சூசை, "வேற யாராச்சும் பேசணுமா?" என்றார்.

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. எல்லோரும் திரும்பினார்கள். லாரன்ஸ், "என்ன மாப்ள, தண்ணி கிண்ணி வேணுமா?" என்றார். சிரிப்பு எழுந்தது. சுவர்ப் பக்கம் பார்த்தேன். சுவருக்கு மேலே பெண்களின் தலைகள். நடுவில் அந்த அம்மா. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் சொல்லவேண்டிய வரியை எனக்கு முன்னால் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆரோக்கியம் என் வாயைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் அத்தனை நாள் எரிந்ததும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"நான் எதுக்குக் கேக்கணும்?" என்றேன். சத்தமாகவே வந்தது. "அவுகளுக்குத்தான் வாய் இருக்குல்ல? அவுகளே வந்து கேக்கட்டும்!"

பின்னால் யாரோ, "ஏலே, இவனுக்குப் பேச வருமாடா!" என்றார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

சூசை கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இவன் இந்த எடத்துல இத்தனை வருசமா ஒக்காந்திருக்கான், ஒரு நாளும் வாயத் தொறந்ததில்லை" என்றார். "தொறந்து ஒண்ணு கேட்டிருக்கான். அதை எப்படி இல்லைங்குறது? சரி, வரச் சொல்லுங்க. வந்து கேக்கட்டும்."

பெண்களை உள்ளே விடுங்கள் என்று நான் கேட்கவேயில்லை. கோபத்தில் சொன்னேன். ஆனால் சொன்ன வார்த்தை எனக்கு முன்னால் போய்விட்டது.

அந்த அம்மா உள்ளே வருவார், கேட்பார், வாங்குவார், இதையும் தனதாக்கிக்கொள்வார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமே நின்றார். வாசல் வழியாக வந்தது ஆரோக்கியம்.

தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடுவில் வந்து நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"வாடைக் காத்துல எங்க மிதவை தண்ணியில நிக்காது. எல்லாத்தையும் அவுத்துக் கரையில போட்டுருவோம். உங்களுக்கும் வாடையிலதான் படகை ஏத்தணும். அப்ப மணலை நீங்க எடுத்துக்கிடுங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசமெல்லாம் எங்களுக்குக் குடுங்க. கேக்குறோம்."

அவ்வளவுதான். கால் ஆடவில்லை. அது எனக்குத் தெரியும், நான் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நியாயமாத்தான் கேக்குது புள்ள" என்றார் சூசை. படகுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லாரன்ஸ் விடவில்லை. "இன்னைக்கு மணலைக் கேக்குறாளுக. நாளைக்குக் கமிட்டியில எடம் கேப்பாளுக, பாத்துக்கங்க" என்றார்.

சுவருக்கு மேலிருந்து கரகரப்பான குரல் வந்தது. "கேப்பாகண்ணே. உங்கள்ட்டத்தான் மொதல்ல கேப்பாக."

லாரன்ஸே சிரித்துவிட்டார். மணல் பெண்களுக்கு வந்தது.

அன்றைக்கு ஊரே என்னைத் தட்டிக்கொடுத்தது. மிக்கேலம்மா கண்ணீர் விட்டாள். பெண்களைக் கூட்டத்துக்குள் வரவைத்த ஆள் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது என் பெயர் இல்லை என்று எனக்கும் அந்த அம்மாவுக்கும் மட்டும் தெரியும். சாயங்காலம் வாசலில் அவரைப் பார்த்துச் சொன்னேன். நானாக அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் உங்க மேல கோவத்துல சொன்னேன்."

"தெரியும்ணே" என்றார். "மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுச்சு."

"அப்ப?"

"அப்ப என்ன? கோவத்துல கேட்டாலும் கேட்டதுதான்." போகத் திரும்பியவர் நின்றார். "பஸ்ஸுல எனக்குப் பின்னாடி எறங்குன ஆளுதான நீங்க. நீங்களே எப்ப நிப்பாட்டச் சொல்வீகண்டு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

பிறகு ஒரு வருடம் இருந்திருப்பார். நிறுவனம் அவரைத் தொண்டிப் பக்கம் வேறு ஒரு கரைக்கு அனுப்பிவிட்டது. போகும்போது ஆரோக்கியத்திடம் நண்டு ஆக்குகிற சட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மிக்கேலம்மாவிடம் ஒரு பாய். என்னிடம், பெட்டியை விலக்கு வரைக்கும் ஒரு கை பிடிக்கக் கேட்டார். ரோட்டோரம் நின்றபோது பஸ் வந்தது.

"நீங்க கை காட்டுங்கண்ணே."

காட்டினேன். பாதி உயரத்துக்குத்தான் கை போனது. அதே நேரத்தில் அவரும் "தம்பீ!" என்று சத்தம் போட்டார். பஸ் நின்றது. என் கைக்கு நின்றதா, அவர் குரலுக்கு நின்றதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போதும் ஆரோக்கியத்துக்குப் போன் வரும். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுவாள். சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். "அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்பாராம். "இருக்காரு" என்பாளாம். என்னிடம் போனைக் கொடுத்ததில்லை. கொடு என்று நானும் கேட்டதில்லை.

எனக்குத் தோள்பட்டை போய்விட்டது. வலையை இழுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வள்ளத்தை விற்றாயிற்று. காலையில் ஆரோக்கியம் கரைக்குப் போன பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பின்வாசலிலிருந்து பார்த்தால் ஷெட் தெரிகிறது, கேட்டு வாங்கிய ஷெட். கீழே உட்கார்ந்து விதைப்பாசியைக் கயிற்றில் முடிந்துகொண்டிருக்கிறார்கள். புதிதாக வந்த பெண்கள் போடும் முடிச்சு சரியில்லை, அலையில் நழுவும். இங்கிருந்தே தெரிகிறது. முடிச்சுப் போட விரல் போதும், தோள் வேண்டாம். ஆனால் அது பெண்கள் குழு. ஆண்கள் யாரும் அதில் இல்லை.

பல நாள் மனதில் சொல்லிப் பார்த்துவிட்டு, போன வாரம் ஆரோக்கியத்திடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நானும் அங்கன வரட்டா? முடிச்சுப் போட."

கையை நிறுத்தினாள். எனக்கென்று நான் அவளிடம் ஒன்று கேட்டது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"என்ட்டக் கேட்டா? செவ்வாய்க்கெழமை கூட்டத்துல வந்து கேளுங்க."

"நீயே சொல்லக் கூடாதா?"

"நான் எதுக்குக் கேக்கணும்?" என்றாள். முகத்தைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அரிசித் தண்ணீரோடு சேர்த்துக் கொட்டினாள். "உங்களுக்குத்தான் வாய் இருக்குல்ல?"

எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். 'நானும் முடிச்சுப் போட வரலாமா?' அந்த ஒரு வரிதான். அது இவ்வளவு நீளமாகிவிட்டது. இதை யாரிடமும் கொடுக்க முடியாது, இதில் வயிறு எரிந்ததெல்லாம் இருக்கிறது. வாயால்தான் கேட்க வேண்டும். அங்கே பூவரச மரத்தடியில் பதினைந்து இருபது பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஆரோக்கியமும் அவர்களோடு உட்கார்ந்து என் வாயைப் பார்ப்பாள். சுவருக்கு மேலே உதடு அசைக்க இந்தத் தடவை யாரும் இல்லை. சரி என்பார்களோ இல்லை என்பார்களோ, தெரியாது.

இல்லை என்றால் முதல் டீ எனக்கு.

ஆவணி மாதக் கடைசித் திங்கட்கிழமை. விடிந்தால் செவ்வாய்.